பால்சுறாவின் தொப்புள்

அந்தக் காலத்தில் கடலுக்கும் கரைக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. மீன் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி ஒன்று கேட்டால், கரையில் இருக்கிற மனுஷி கைவேலையை நிறுத்தாமலே பதில் சொல்லுவாள். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை. அந்தப் பேச்சு பிறகு எப்போது நின்றது, தப்பு யார் மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்றது எப்படி என்பதே எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

அப்போதெல்லாம் பால்சுறா இப்போது இருப்பது போல் இல்லை. உருவம் இதே உருவம்தான். ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்கிவிடக்கூடிய சின்னச் சுறா, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கூரான மூக்கு. குணம்தான் வேறு. கடலிலேயே பெரிய சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தது. மற்ற மீன்களுக்கு இருப்பது போல அதன் வயிற்றிலும் ஒரு காற்றுப்பை இருந்தது. அந்தப் பை இருந்தால் நீந்தாமலே மிதக்கலாம். வயிறாரச் சாளை மீனைத் தின்றுவிட்டு, கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத இடத்துக்கு வந்து, துடுப்பைக்கூட அசைக்காமல் அந்தரத்தில் தொங்கியபடி தூங்கும். மத்தியான வெயில் தண்ணீருக்குள் இறங்கி முதுகில் படும்போது வருகிற அந்தத் தூக்கத்துக்காகவே பிறந்தது போல அது வாழ்ந்தது.

முட்டையிடுவதிலும் அதே சோம்பல்தான். போகிற போக்கில் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். நண்டு வந்து தின்னும், திருக்கை வந்து தின்னும், மிச்சத்தை நீரோட்டம் அள்ளிக்கொண்டு போகும். சுறாவுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பிள்ளை என்றால் என்னவென்று தெரிந்தால்தானே கவலை வரும்.

ஒரு நாள் அது தூங்கி எழுந்து பார்த்தபோது, பக்கத்தில் ஆவுளியா புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஆவுளியா என்றால் கடல்பசு. சேதுக்கரைக்கு வடக்கே இருக்கிற அந்த அமைதியான கடலில் புல் தின்று வாழ்கிற பெரிய, சாதுவான பிராணி. அதன் கையிடுக்கில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் மேலே போனால் குட்டியும் மேலே போனது, தாய் திரும்பினால் குட்டியும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் குட்டி தாயின் முகத்தைத் தன் மூக்கால் தடவிவிட்டு மறுபடி கையிடுக்குக்குள் போய்விட்டது.

சுறா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு இடம் காலியாக இருப்பது அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது.

“ஆவுளியாக்கா, இது யாரு?” என்று கேட்டது.

“என் பிள்ளைதான். தெரியல?”

“எனக்கும் ஆயிரக்கணக்குல இருந்துச்சே. ஒண்ணுகூட இப்படி வந்து ஒட்டினதில்லையே.”

“நீ எங்க பெத்த? கொட்டிட்டுப் போன.” ஆவுளியா ஒரு வாய்ப் புல்லை மென்று முடித்தது. “நான் இதை ஒரு வருசத்துக்கு மேல வயித்துல சொமந்தேன். கொடி போட்டுக் கட்டியிருந்துச்சு. எங்க போயிரும்?”

“கொடியா?”

“கயிறு மாதிரி. ஒரு முனை என்கிட்ட, ஒரு முனை பிள்ளைகிட்ட. இங்க பாரு தொப்புளை.”

குட்டி புரண்டு வயிற்றைக் காட்டியது. நடுவில் ஒரு சின்ன வடு இருந்தது. சுறா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. விஷயம் மிகவும் எளிதாகத்தான் தோன்றியது. தன்னிடம் முட்டைக்குக் குறைவில்லை. இல்லாதது கயிறு மட்டும்தான். கயிறு வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் என்பது கடலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கரையில் நம்புத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். வலை பின்னுகிறவள். தண்ணீர் விளிம்பிலேயே ஓலைக் கொட்டகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கால் பெருவிரலில் நூலை மாட்டி, ஊசியை ஓட்டிக்கொண்டே இருப்பாள். அவள் புருஷன் கருமலையான் அந்த வலையைக் கொண்டுபோய் மீன் பிடித்து வருவான். நல்ல மனுஷன், கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியன். நம்புத்தாயின் முடிச்சு அந்தக் கரை முழுக்கப் பேர்போனது. அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை. வலை நைந்து நாராகப் போனாலும் முடிச்சு அப்படியே இருக்கும். நூலின் முனை எங்காவது தொங்கிக்கொண்டிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அடுத்த வீட்டுக் கொடியில் காய்கிற சேலையில் நூல் பிரிந்திருந்தால்கூடப் போய்க் கட்டிவிட்டு வருவாள். வீட்டுக்காரிகள் முதலில் திட்டினார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

சுறா கொட்டகைக்கு நேரே வந்து தலையைத் தூக்கியது. “தாயி, எனக்குக் கொஞ்சம் கயிறு வேணும்.”

“சுறாவுக்கு எதுக்குக் கயிறு? என் வலையைக் கடிச்சு நாசம் பண்றது பத்தாதா?” நம்புத்தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுறா ஆவுளியாவின் கதையைச் சொன்னது. சொல்லி முடித்தபோது நம்புத்தாயின் ஊசி நின்றிருந்தது. அந்த மாதம்தான் அவளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஆரம்பித்திருந்தன. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து வந்த வாந்தி. அதனால் அதைக்கூடச் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காகக் கயிறு கேட்கிற ஒருத்தியை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

“சரி. முட்டையைக் கொண்டா, கட்டித் தாரேன்” என்றாள்.

முதலில் அவள் செய்தது எல்லோரும் செய்யக்கூடியதுதான். ஒவ்வொரு முட்டைக்கும் மெல்லிய நூல் கட்டி, மறுமுனையைக் கடற்புல்லில் கட்டினாள். அலை வந்தது, ஓட்டம் வந்தது, முட்டை ஒன்றுகூட நகரவில்லை. சுறா பூரித்துப் போய்ப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு காவல் இருந்தது. காவல் என்றால், தூங்கிவிட்டது. எழுந்தபோது புல்லும் இல்லை, முட்டையும் இல்லை, நூலும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஆவுளியா நின்று வாயை மென்றுகொண்டிருந்தது.

“இன்னைக்குப் புல்லு கொஞ்சம் நாராத்தான் இருந்துச்சு” என்றது அது. விஷயம் தெரிந்ததும் பாவம், அந்தப் பக்கம் தலைகாட்டவே வெட்கப்பட்டுக்கொண்டு ரொம்ப நாள் வேறு படுகையில் மேய்ந்தது.

சுறா அழுதுகொண்டே கொட்டகைக்கு வந்தது. கடல் தண்ணீரில் கண்ணீர் தெரியாது என்பார்கள், நம்புத்தாய்க்குத் தெரிந்தது.

“புல்லுல கட்டினது என் தப்பு” என்றாள். “வெளிய எங்க கட்டினாலும் எவனாவது வருவான். ஆவுளியா சொன்ன மாதிரி உள்ளதான் கட்டணும்.”

அவள் ஊர் மருத்துவச்சி பூமயிலிடம் போய், வயிற்றுக்குள் கொடி எப்படி இருக்கும், பிள்ளைக்குச் சோறு எப்படிப் போகும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டாள். தனக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துப் பூமயிலும் சொன்னாள். திரும்பி வந்த நம்புத்தாய், உள்ளே குழல் போல ஓட்டை விட்டு மெத்தென்ற கயிறு முறுக்க ஆரம்பித்தாள். தாய் தின்பது அதன் வழியே பிள்ளைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு கயிற்றை அவள் அதுவரை முறுக்கியதில்லை. முடித்ததும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் சுறாவின் வயிற்றில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு மடிப்பு இருந்தது. அதை விலக்கிப் பார்த்த நம்புத்தாய் உதட்டைப் பிதுக்கினாள்.

“இடம் எங்க இருக்கு? பாதி வயித்தை இந்தக் காத்துப்பைல்ல அடைச்சுக்கிட்டு இருக்கு.”

சுறா வயிற்றை எக்கிப் பார்த்தது, பை அசையவில்லை.

“இதை எடுத்தாத்தான் பிள்ளைக்கு எடம். எடுத்துட்டா நீ சும்மா மிதக்க முடியாது. நீந்திக்கிட்டே இருக்கணும். நின்னா அடியில போயிருவ.”

“தூங்குறது?”

“நீந்திக்கிட்டே தூங்கு. என்னைக் கேட்டா?”

கருமலையான் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றான். அவனுக்குச் சுறாவின் மத்தியானத் தூக்கம் தெரியும். வள்ளத்தில் போகும்போது பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான்.

“நல்லா யோசிச்சுக்க” என்றான் சுறாவிடம். “அப்படி ஒரு தூக்கத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. போனா வராது.”

“பையை எடுத்தா எத்தனை பிள்ளைக்கு எடம் வரும்?” என்று கேட்டது சுறா.

“ஆயிரத்துக்கெல்லாம் கனவு காணாத. ரெண்டு, மூணு. நெருக்கிப் போட்டா அஞ்சாறு.”

சுறா திரும்பிப் புல்படுகைக்குப் போனது. அங்கே அசையாமல் தொங்கிக்கொண்டு, வெயில் முதுகில் படுகிறவரைக்கும் காத்திருந்து, கடைசியாக ஒரு தூக்கம் தூங்கியது. நன்றாகத் தூங்கியது என்று பிற்பாடு அதுவே சொன்னது. எழுந்து வந்து வயிற்றைக் காட்டி, “எடுத்துரு தாயி” என்றது.

நம்புத்தாய் பையை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் சுறா கல்லைப் போட்டது போல மணலில் போய் உட்கார்ந்துவிட்டது. துடுப்பை அடித்துப் பார்த்தது, வாலை அடித்துப் பார்த்தது, எழும்ப முடியவில்லை. கருமலையான் ஒரு ஓட்டம் வீட்டுக்கு ஓடி, மீன் பொரிக்க வைத்திருந்த எண்ணெய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“எண்ணெய் தண்ணியில மிதக்கும்ல” என்று சொல்லி, பானையோடு சுறாவின் ஈரலில் ஊற்றினான். ஈரல் எண்ணெயைக் குடித்துக் குடித்து வீங்கியது. சுறா மெல்ல எழுந்தது. பழையபடி சும்மா தொங்க முடியவில்லை. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், தண்ணீர் தாங்கியது.

“ஒரு வாரத்துக்கு அவிச்ச மீன்தான்” என்றாள் நம்புத்தாய் புருஷனிடம். அவன் அதையும் யோசித்துவிட்டுத்தான் ஊற்றியிருந்தான் என்பது அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

பிறகு அவள் முட்டைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி உள்ளே வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு. ஒரு முனையை முட்டையில் கட்டினாள், மறுமுனையை வயிற்றின் உள்சுவரில் கட்டினாள். தனக்கே உரிய அந்த முடிச்சைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

“இவ்வளவு இறுக்கமா போடுறியே, நாளைக்கு அவுக்கணும்னா?” என்றான் கருமலையான்.

“கட்டுறது அவுக்கவா? போய் வேலையப் பாருங்க.”

அவன் போய்விட்டான். அந்தக் கேள்வியை அவளும் அப்போதே மறந்துவிட்டாள். வயிற்றின் மடிப்பைச் சேர்த்துத் தைத்து, அந்தத் தையல் தெரியாதபடி மூடியும்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. சுறாவால் நிற்க முடியாது. ஆகவே கொட்டகைக்கு முன்னால் வட்டமடித்துக்கொண்டே பேசும். ஒரு சுற்றில் கேள்வி கேட்டுவிட்டுப் போகும். அடுத்த சுற்றில் வந்து பதில் வாங்கும். நம்புத்தாயும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“தாயி, உனக்கு உதைக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போகும்.

சுற்றி வரும்போது, “நேத்துலருந்து. உனக்கு?” என்பாள்.

இன்னொரு சுற்று முடிந்து, “எனக்கு நாலஞ்சு பேரு சேந்து உதைக்கிறாங்க. யாரு எவர்னே தெரியல” என்று பதில் வரும்.

இப்படி ஒரு பேச்சு முடிவதற்குள் உச்சிவெயில் சாய்ந்துவிடும். சுறாவுக்கு இறால் தின்ன ஆசை, நம்புத்தாய்க்குச் சாம்பல் தின்ன ஆசை. கருமலையான் இறாலைக் கொண்டுவந்து கடலில் வீசுவான், சாம்பலை அடுப்பிலிருந்து ஒளித்து வைப்பான். ஆவுளியாவும் வெட்கம் தெளிந்து வந்து, தனக்குத் தெரிந்த பக்குவமெல்லாம் சொன்னது. அதற்குத் தெரிந்த பக்குவம் எல்லாமே புல்தான்.

“பிள்ளை வந்ததும் என்ன செய்வ?” என்று ஒரு நாள் நம்புத்தாய் கேட்டாள்.

சுறா அடுத்த சுற்றில் வந்து சொன்னது: “ஒண்ணே ஒண்ணு எங்கிட்ட வந்து மூஞ்சியத் தடவினாப் போதும் தாயி. நீ என் பிள்ளைன்னு நான் சொல்லணும். வேற ஆசையில்ல.”

நம்புத்தாய்க்கு நாள் முந்திக்கொண்டது. பூமயில் வந்து உட்கார்ந்தாள். பெண் பிள்ளை. கத்திய கத்தலில் கொட்டகை ஓலை பறந்துவிடும் போல இருந்தது. பூமயில் கொடியை நூலால் கட்டி, சிப்பி ஓட்டை எடுத்து அறுக்கப் போனாள். நம்புத்தாய் படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி, ஏன் அறுக்குறீக? நல்லாத்தானே இருக்கு.”

பூமயில் சிரித்தாள். “அறுக்காம, ரெண்டு பேரையும் காலம் முச்சூடும் ஒரே பாயில கட்டிப் போடச் சொல்றியா? உள்ள இருக்கிறவரைக்கும்தான்டி கொடி. வெளிய வந்துட்டா அதுவே பிள்ளைக்கு எமன்.”

அறுத்துவிட்டாள். நம்புத்தாய் குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். சந்தோஷத்தில் எல்லாம் மறந்து தூங்கிப்போனாள். மிஞ்சியிருந்த துண்டுக் கொடி காய்ந்து, ஒரு நாள் குளிப்பாட்டும்போது தானாக விழுந்தது. அந்த இடத்தில் தொப்புள் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கை அப்படியே நின்றது.

சுறாவுக்கு யார் அறுப்பார்கள்?

இரண்டு முனையிலும் தன் முடிச்சு. அவிழாத முடிச்சு. நாள் வந்ததும் பிள்ளைகள் வெளியே வரப் பார்க்கும், கயிறு விடாது. தாயும் போகும், பிள்ளைகளும் போகும். இத்தனை காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று இப்படி வந்து தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவள் கண்டாளா? குழந்தையைப் பூமயிலிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதே நேரத்தில் கருமலையான் கரையிலிருந்து ஓடிவந்தான்.

“ஏ புள்ள, சுறா வந்திருக்கு. சுத்து வட்டம் குறைஞ்சுக்கிட்டே வருது. நீந்த முடியல அதால.”

“நீங்க போய்ப் பிடிங்க. நிக்க விட்றாதீங்க. தூக்கிக்கிட்டுத் தண்ணியிலயே நடங்க.”

“நீ எங்க வார? பச்சை உடம்பு. கடத்தண்ணி ஆகாது.”

பிள்ளை பெற்றவள் உடம்பு ஆறுகிறவரைக்கும் கடலில் கால் வைக்கக்கூடாது என்பது அந்தக் கரையில் யாரும் மீறாத வழக்கம். பூமயில் வாசலில் நின்று சத்தம் போட்டாள். நம்புத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் ஐஸ் மாதிரி இருந்தது என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் ஐஸ் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது.

கருமலையான் சுறாவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் முன்னும் பின்னும் நடந்தான். வாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. முந்தின இரவெல்லாம் தூங்காத தன் மகளைத் தோளில் போட்டு நடந்தது போலவே நடந்தான். நடை ஒன்றுதான், பாரம்தான் வேறு.

நம்புத்தாய் பக்கத்தில் நடந்துகொண்டே வயிற்றைத் தடவினாள். வால் ஒன்று வெளியே வந்து துடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை வரும், கயிறு இழுக்கும், பிள்ளை உள்ளே போகும். அவள் விரலை விட்டு முடிச்சைத் தேடினாள். கிடைத்தது. நகத்தால் நெம்பினாள். அசையவில்லை. நெம்பி நெம்பி நகம் பிய்ந்தது. ஊரே மெச்சிய முடிச்சு, தன்னைக் கட்டியவளையே யாரென்று கேட்டது.

“தாயி” என்றது சுறா, மெல்லிய குரலில். “பிள்ளைக உள்ள உசுரோட இருக்கா?”

“இருக்கு. பேசாம இரு.” நம்புத்தாய்க்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அவுக்கவே வராத மாதிரி கட்டிட்டேன்.”

“கட்டச் சொன்னது நான்தானே” என்றது சுறா.

அந்த வார்த்தை அவளை உலுக்கியது. வலை பின்னுகிறவள் நூலை எப்படி அறுப்பாள்? கத்தியைத் தேடிக்கொண்டா இருப்பாள்? குனிந்து பல்லால் கடிப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிற வேலை. நம்புத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். முடிச்சைத் தொடவில்லை. பிள்ளையின் வயிற்றுக்குப் பக்கமாகக் கொஞ்சம் மிச்சம் விட்டுக் கயிற்றைக் கடித்தாள். அறுந்தது.

முதல் பிள்ளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சாண் நீளம், கண்ணாடி போல மினுமினுப்பு, தாயைப் போலவே கூர் மூக்கு. வெள்ளை வயிற்றில் அறுந்த கொடியின் முனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நொடி தண்ணீரில் திகைத்தது. அப்புறம் வாலை ஒரு அடி அடித்துப் புல்படுகைப் பக்கம் போயே போய்விட்டது. நம்புத்தாய் மறுபடி மூழ்கினாள். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. கடைசிப் பிள்ளை வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கிட்டித்திருந்தது. கருமலையான் சுறாவை விடவா, பெண்டாட்டியைப் பிடிக்கவா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

“விடுங்க அதை, நீந்தட்டும்” என்றாள்.

சுறா அவன் கையிலிருந்து இறங்கி நீந்தியது. ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. பிள்ளைகளைத் தேடியது. ஒன்றுகூட இல்லை. தடவிவிட்டுப் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

நம்புத்தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நன்றி கெட்டதுக. இத்தனை மாசம் சொமந்தவ இங்க இருக்கா, ஒரு எட்டு நின்னு பாத்துட்டுப் போனா என்ன?”

சுறா இன்னொரு சுற்று வந்துதான் பதில் சொன்னது. “நிக்க முடியாது தாயி. என் பிள்ளைகள்ல? அதுகளுக்கும் பை இல்லை.” சொல்லிவிட்டுப் பிள்ளைகள் போன பக்கம் ஒரு முறை நீந்திவிட்டு வந்தது. “ஆயிரம் போட்டப்ப ஒண்ணு நீந்திப் பாத்ததில்ல நான். இன்னைக்கு எல்லாம் நீந்திப் போனதைப் பாத்துட்டேன். வகுறு குளுந்து கெடக்கு.”

பூமயில் கரையிலிருந்து இறங்கிவந்து, நம்புத்தாயைப் போர்வையில் சுற்றி இழுத்துக்கொண்டு போனாள். மிளகும் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கக் கொடுத்தாள், திட்டுக்கும் குறை வைக்கவில்லை. நம்புத்தாய்க்குக் காய்ச்சல்கூட வரவில்லை. அவள் பிடிவாதத்தைப் பார்த்துக் காய்ச்சலே பயந்துவிட்டது என்று கருமலையான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வாடை ஓய்ந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கின காலத்தில் ஒரு காலை, அவன் வலையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். வலையில் ஒரு குட்டிச் சுறா சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்கப் பார்த்தால் முடிச்சு விடுகிறதா? நம்புத்தாயின் முடிச்சாயிற்றே. அவன் குட்டியைப் புரட்டி வயிற்றைக் காட்டினான். நடுவில் சின்ன வடு, இன்னும் சரியாக ஆறாமல் சிவந்திருந்தது.

“நீ கடிச்சதுதான்” என்றான்.

நம்புத்தாய் இடுப்புப் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். தான் பார்த்துப் பார்த்துப் பின்னிய வலையைத் தானே பல்லால் கடித்தாள். கண்ணி விட்டது. குட்டியைக் கையில் ஏந்திக் கடலில் இறக்கியபோது, கொட்டகைக்கு முன்னால் வழக்கம்போல வட்டமடித்துக்கொண்டிருந்த தாய்ச்சுறா அந்தப் பக்கமாக வந்தது. அதற்கு மறுபடி வயிறு மேடிட்டிருந்தது. இந்த முறை யாரும் கட்டாமலே, முடிச்சில்லாத கொடி உள்ளே தானாக வளர்ந்திருந்தது. குட்டி ஓடத்தான் பார்த்தது. ஆனால் வலையில் கிடந்த அசதி, நேரே நீந்தத் தெம்பில்லாமல் தாயின் பக்கமாகச் சாய்ந்து, மூக்கு அதன் முகத்தில் உரசியது. அவ்வளவுதான். மறு நொடி புல்லுக்குள் மறைந்துவிட்டது.

தாய்ச்சுறா அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு வந்தது. “பாத்தியா தாயி?” என்று கேட்டது.

“பாத்தேன். உன் பிள்ளைதான்” என்றாள் நம்புத்தாய்.

அன்றைக்கே அவள் ஊசியை எடுத்து, கடித்த இடத்தைப் பின்னத் தொடங்கினாள். பின்னி முடித்து, கடைசி முடிச்சுக்கு வந்தாள். அதை மட்டும் இறுக்கவில்லை. ஒரு இழுப்பில் அவிழும்படி சும்மா போட்டு, நூலைப் பல்லால் கடித்து, முனையைத் தொங்கவிட்டாள். அந்த முனையைப் பிடித்து இழுத்தால் அந்த ஓரம் மொத்தமும் பிரிந்து, இனி சிக்குகிற குட்டி வெளியே போய்விடும். தொங்குகிற நூலைப் பார்க்க அவளுக்கு முதலில் கை துறுதுறுத்தது. மடியில் கிடந்த மகள் அந்த நூலைப் பிடித்து விளையாட ஆரம்பித்ததும் அதுவும் சரியாகிவிட்டது.

அன்று முதல்தான் பால்சுறா நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கிறது, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பிள்ளைகளை வயிற்றில் கொடியோடு சுமந்து தொப்புளோடு பெறுகிறது. அன்று முதல்தான் அந்தக் கரையில் வலை பின்னுகிறவர்கள் எத்தனை கெட்டிக்காரர்களாக இருந்தாலும், கடைசி முடிச்சை மட்டும் இறுக்காமல் விடுகிறார்கள்.